நோவ்லினின் தொப்பிக்கு வந்த பதினொரு பேர்

அசையாதே. மூச்சைக்கூட மெதுவாக விடு. இப்போது அசைந்தாயோ, அது பறந்துவிடும். அப்புறம் இன்னும் எத்தனை வருஷம் காத்துக்கிடப்பாய்?

நோவ்லின் தனக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆலயத்தின் முன்பக்கம் பிரதர் எக்பர்ட்டின் சவப்பெட்டி மூடி வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று பாஸ்டர் டலக் இறந்தவரின் பெருமைகளைத் தேடிக்கொண்டிருந்தார். தேடத்தான் வேண்டியிருந்தது. எழுபத்து மூன்று வருஷம் யாருக்கும் கெடுதல் செய்யாமல், யாரையும் ஏறிட்டும் பார்க்காமல், சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப் பழகிய மனிதர் அவர். ஊரில் அவருக்கு 'நமத்த தீக்குச்சி' என்று பெயர். அவர் மனைவி மிஸ் ஐவரீனைப் (எங்கள் பக்கத்தில் கல்யாணமானவளும் 'மிஸ்'தான்) பற்றிப் பேசும்போது எந்தப் பெண்ணும் "பாவம்" என்ற சொல்லை முன்னால் சேர்க்காமல் ஆரம்பித்ததில்லை.

சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. வலது பக்க ஜன்னல் வழியாக அது உள்ளே வந்தது. செங்கல் நிறம். சிறகின் குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடு. தலையில் சின்னஞ்சிறு இறகுகள் போல இரண்டு மீசை. சவப்பெட்டியின் மேல் இருந்த லில்லிப் பூக்களைச் சுற்றியது. விதவையின் கறுப்புச் சரிகை முக்காட்டைத் தாண்டியது. நேராக மூன்றாவது வரிசைக்கு வந்து, நோவ்லினின் சாம்பல் நிறத் தொப்பி விளிம்பில் உட்கார்ந்தது.

கண்களை மட்டும் மேலே உருட்டி அதைப் பார்த்தாள்.

நோவ்லினுக்கு நாற்பத்தாறு வயது. கிளை நூலகத்தின் பொறுப்பு அவளுடையது. தனி ஆள். பதினொரு வருஷத்துக்கு முன் நூலகத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்த, முதுகு பிய்ந்த ஒரு பூச்சிப் புத்தகத்தில்தான் இந்தச் செங்கல் நிறத்தானை முதலில் பார்த்தாள். எங்கள் தீவில் மட்டுமே இருக்கும் ஒரு பட்டுப்பூச்சி. படத்தின் கீழே, 'பெண் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை' என்று போட்டிருந்தது. அறுபது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் எழுதி வைத்தது. அதற்குப் பிறகு யாரும் அடித்துத் திருத்தவில்லை. அதே புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளி இன்னொன்று இருந்தது. சாம்பல் நிறம், உள்ளங்கை அகலம், கனத்த உடம்பு. அதன் கீழே, 'ஆண் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.' கிங்ஸ்டனில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் டாக்டர் லின்டோவின் அலமாரியிலும் அவை இரண்டும் தனித்தனி இழுப்பறையில், தனித்தனிப் பெயரில் கிடந்தன.

பதினொரு வருஷத்தில் செங்கல் நிறத்தானை மூன்று முறையும், சாம்பல் நிறத்தாளை இரண்டு முறையும் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் கிங்ஸ்டனுக்கும் லண்டனுக்கும் போன உறவுகளை நினைத்துக்கொள்வதைப் போல அவள் இவற்றை நினைத்துக்கொள்வாள்.

"நோவ்லின்," என்று பக்கத்திலிருந்த சிஸ்டர் பெரில் கிசுகிசுத்தாள். "உன் தொப்பியில ஒண்ணு உக்காந்திருக்கு."

"தெரியும்."

"தட்டி விடட்டுமா?"

"கை வச்சேன்னா கைய ஒடிச்சிருவேன்."

பெரில் பதறிப்போய் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு சாண் இடத்தில், தோளை உரசிக்கொண்டு இரண்டாவது பூச்சி வந்தது. பிறகு மூன்றாவது. இதுவரை ஒரே நேரத்தில் இரண்டை யாருமே பார்த்ததில்லை. எதற்கு வருகின்றன? எதைத் தேடி?

தொப்பி!

எறும்புக்குப் பயந்து, மஹோகனி மரத்தடியில் எடுத்த ஒரு பட்டுக்கூட்டை அவள் தொப்பிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். இன்று காலை பெட்டியைத் திறந்தால், சாம்பல் நிறத்தாள் கூட்டைக் கிழித்து வெளியே வந்து, ராத்திரி முழுக்க அந்தத் தொப்பியின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மெதுவாக எடுத்துச் சாப்பாட்டை மூடும் வலைக்கூடைக்குள் விட்டுவிட்டு, இருப்பது ஒரே தொப்பி என்பதால், அதையே மாட்டிக்கொண்டு சாவுக்கு வந்துவிட்டாள். தொப்பி இல்லாமல் எந்தப் பெண் ஆலயத்துக்குள் காலெடுத்து வைப்பாள்?

சாம்பல் நிறத்தாளின் வாசனை தொப்பியில் இருக்கிறது. அந்த வாசனைக்கு இவர்கள் வருகிறார்கள்.

அப்படியானால்... இரண்டு இழுப்பறையும் தப்பு. இவர்கள் புருஷன் பெண்டாட்டி! அறுபது வருஷமாகத் தனித்தனி அறையில் பூட்டி வைக்கப்பட்ட புருஷன் பெண்டாட்டி!

"நம்ம சகோதரர் எக்பர்ட்," என்று பாஸ்டர் குரலை உயர்த்தினார், "தன் வாழ்நாள்ல ஒரே ஒரு பெண்ணத்தான்..."

"வந்துட்டீங்களா!" என்று நோவ்லின் வாய்விட்டுக் கத்தினாள். "இத்தன வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்!"

பாஸ்டரின் பேச்சு நின்றது. விசிறிகள் நின்றன. இருநூறு தலைகள் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின.

எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது: செத்தவர் மனத்தில் சொல்லாமல் விட்ட சொல் ஏதாவது இருந்தால், பூச்சி ரூபத்தில் வந்து, அது யாருக்கு உரியதோ அவர் மேல் உட்காருவார். சாதாரணமாக ஒரு பூச்சி வரும். விதவையின் தோளிலோ மூத்த மகனின் முழங்காலிலோ உட்கார்ந்துவிட்டுப் போகும். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இங்கேயோ நாலாவது வந்தது, ஐந்தாவது வந்தது, எல்லாம் கல்யாணம் ஆகாத ஒரு பெண்பிள்ளையின் தலைக்கே வந்தது.

நோவ்லினுக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. அவசரமாகத் தொப்பியைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். பூச்சிகளும் பெஞ்சுக்கு அடியில் போயின. போகிற வழியில் இரண்டு, பெரிலின் காலுறையில் ஏறின.

"ஐயையோ, என் மேல ஏறுறாரு!"

"சும்மா இரு, பெரில். ஒரு நிமிஷம் இதப் பிடி. கைப்பையில தீப்பெட்டி இருக்கு, ஒண்ணையாவது பிடிச்சு வச்சுக்கறேன்." நோவ்லின் தொப்பியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

ஏழு பூச்சிகள் பெரிலின் மடிக்கு மாறின. பின்வரிசையில் இருந்த அவள் புருஷன் பிரதர் வாஸல் மெல்ல எழுந்து நின்றார்.

"பெரில்," என்றார் தழுதழுத்த குரலில். "நீயுமா?"

"நான் இல்ல! எனக்கு ஒண்ணுமே தெரியாது!" என்று அலறிய பெரில் தொப்பியைப் பலங்கொண்ட மட்டும் வீசினாள். அது வீசிய தட்டு போலச் சுழன்று போய், சவப்பெட்டியின் நட்டநடுவில் இறங்கியது.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக அவை சவப்பெட்டிக்குப் பறந்தன. ஜன்னல் வழியே புதிதாகவும் சில வந்தன. மொத்தம் பதினொன்று. அந்தக் களேபரத்திலும் நோவ்லின் எண்ணத் தவறவில்லை. தொப்பியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, சிறகுகளை விரித்து, மீசைகளைத் தூக்கிக்கொண்டு நடுங்கின. செங்கல் நிறத்தில் உயிருள்ள ஒரு மலர்வளையம். எத்தனையோ சாவுகளுக்கு அவள் போயிருக்கிறாள். இத்தனை அழகான வளையத்தை யாரும் யாருக்கும் வைத்துப் பார்த்ததில்லை.

"தொப்பியக் கேட்டு வாங்கிக்கிட்டாருடி," என்று யாரோ சொன்னார்கள்.

மிஸ் ஐவரீன் எழுந்தாள். அறுபத்தெட்டு வயது, கழி போல நிமிர்ந்த உடம்பு. சவப்பெட்டியருகே போனாள். பூச்சிகளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தொப்பியை இரண்டு கையாலும் எடுத்து, மூன்றாவது வரிசைக்கு நடந்து வந்து, நோவ்லினிடம் நீட்டினாள்.

"உன் தொப்பி," என்றாள். உதடு துடித்தது.

அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நோவ்லினுக்கு.

அதற்குள் ஆண்கள் துண்டுகளாலும் பாட்டுப் புத்தகங்களாலும் விசிறிப் பூச்சிகளை விரட்டிவிட்டார்கள். தீப்பெட்டி காலியாகவே இருந்தது.

அடக்கம் முடிந்து, விருந்துக் கொட்டகையில் ஆட்டுத்தலை சூப் ஊற்றினார்கள். நோவ்லின் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள். மனம் முழுக்க வீட்டு வலைக்கூடையிலும் அந்த இரண்டு இழுப்பறையிலும் இருந்தது.

கரண்டி பிடித்த பெண் குரலைத் தாழ்த்தி, "எத்தன வருஷமா?" என்று கேட்டாள்.

"பதினொரு வருஷமா," என்றாள் நோவ்லின், யோசனையிலேயே.

கரண்டி சூப்புக்குள் விழுந்தது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தபோது, அந்தப் பதில் கொட்டகையின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அங்கிருந்து நேராகப் போய் நூலகத்தைத் திறந்து, கிங்ஸ்டனில் டாக்டர் லின்டோவுக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், ரெண்டும் ஒரே இனம். செங்கல் நிறம் ஆண். சாம்பல் நிறம் பெண்."

"எத வச்சுச் சொல்றீங்க?"

"என் தொப்பிக்கு வந்தாங்க."

"யாரு?"

"பதினொரு பேர்."

"மிஸ் நோவ்லின், அங்க வெயில் ஜாஸ்தியோ?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குரல் மாறியது. ஆனால் எச்சரிக்கையான மனிதர்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா போன வருஷம் ஒருத்தர் ரெண்டு வேற பூச்சிய பசை போட்டு ஒட்டி, ஜோடின்னு அனுப்பினாரு. எனக்குப் பெண்ணும் வேணும், அதுக்கிட்ட வந்த ஆணும் வேணும். வந்தத நேர்ல பாத்தேன்னு ஊர்ல மதிப்பான ஒரு ஆளோட கையெழுத்தும் வேணும். அது இருந்தா ரெண்டு இழுப்பறையும் ஒண்ணாயிடும். அடையாளம் கண்டவர்ங்கற இடத்துல உங்க பேர் வரும். அந்தப் பெண்ணுக்கு எத்தன நாள் இருக்கு?"

"ஒரு வாரந்தான் டாக்டர். அதுக்கு வாயே கிடையாதே."

வீட்டில் கூடையெதிரே உட்கார்ந்தாள் நோவ்லின். சாம்பல் நிறத்தாள் வலைக்கூடையின் உச்சியைப் பிடித்துத் தொங்கினாள். சிறகில் பழைய வெள்ளிப் பாத்திரத்தின் மங்கல். சாப்பிட வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்து ஒரு வாரம். இந்த ஊரில் வாய் இல்லாத ஒரே பெண்பிள்ளை அவள்தான். தேடி அலையவில்லை, ஜன்னலில் எட்டிப் பார்க்கவில்லை. தன் இடத்தில் தான் இருந்தாள். மலை தாண்டி அவர்கள் வந்தார்கள்.

அதே ஆலயத்தில், அதே மூன்றாவது வரிசையில், நோவ்லின் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை யாராவது ஒருவர் இவளுக்காகத் தலையைத் திருப்பியதுண்டா? இன்று இருநூறு பேர். அந்த நினைப்பு வந்ததும் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்ட பிறகும் அது போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளைச் சுற்றி மூன்று பெஞ்சு காலியாக இருந்தது.

திங்கட்கிழமை ஒரு தாளை எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கொண்டுபோன கதைதான். எல்லோரும் ஆசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவள் எழுதி வைத்திருந்த வாசகம் போதாது என்று கீழே சொந்தமாகவும் எழுதினார்கள். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தாள்.

'பிரதர் எக்பர்ட் பதினொரு உடம்பெடுத்து நோவ்லினின் தலைமேல் வந்ததை நான் கண்ணாரக் கண்டேன்.'

'அவர் தொப்பியை முத்தமிட்டதை நான் பார்த்தேன்.'

'என் மனைவி பெரிலுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று நம்ப விரும்புகிறேன். வாஸல்.'

இதை டாக்டர் லின்டோவுக்கு எப்படி அனுப்புவது? போதாக்குறைக்கு, செத்தவரின் கிழங்குத் தோட்டத்தில் பங்கு கேட்கத்தான் இவள் சாட்சி சேர்க்கிறாள் என்று கடைத்தெருவில் பேச்சு.

சொன்னால் புரியவில்லை, காட்டினால் புரியும் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை நூலகத்தைச் சீக்கிரம் மூடிவிட்டு, வலைக்கூடையை ஒரு துணியால் மூடி எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் புறப்பட்டாள். மணி நான்கைத் தாண்டியதை அவள் கவனிக்கவில்லை. சனிக்கிழமை போலவே நான்கு மணிக்குத்தான் சாம்பல் நிறத்தாள் வாசனை விட்டுக் கூப்பிடுவாள், ஆண்கள் வருவார்கள் என்பது நினைப்பில் இருந்திருக்க வேண்டும்.

முதல் வீட்டைத் தாண்டும்போது பின்னால் இரண்டு. கடையைத் தாண்டும்போது ஆறு. தபாலாபீஸ் வளைவில் திரும்பிப் பார்த்தால், தலைக்கு மேல் செங்கல் நிறத்தில் ஒரு சின்ன மேகம். அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன.

"பாத்தியா, பாத்தியா! அவ பின்னாலயே போறாரு!"

"உயிரோட இருந்தப்ப கடைக்குக்கூட நடந்து வராத மனுஷன்டி!"

"என்னத்தக் கண்டாரோ அவகிட்ட."

"அவ என்னத்தக் கண்டா அவருகிட்ட? அதச் சொல்லு."

கடைசிக் கேள்வியை எல்லோரும் ரொம்ப நேரம் யோசித்தார்கள்.

நோவ்லின் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். நல்லதென்று செய்ததெல்லாம் வினையாகத்தான் வந்தது. சாம்பல் நிறத்தாளின் சிறகு நுனி உதிரத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

புதன்கிழமை நாலரைக்கு வேலியில் ஆள் கூடிவிட்டது. பெரில் ஒரு கிண்ணம் உப்போடு நின்றாள். பிரதர் வாஸல் வெள்ளை ரம் பாட்டிலோடு. ஆவியை விரட்ட இரண்டும் வேண்டும். கொஞ்சம் தள்ளி, வேலியோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு மிஸ் ஐவரீன். முன்னால் பாஸ்டர் டலக், வேதப்புத்தகத்தோடு, தனியாகப் படியேறி வராந்தாவுக்கு வந்தார்.

"சிஸ்டர் நோவ்லின், இது நல்லதுக்கில்ல. இறந்தவர கட்டிப் போடக் கூடாது. விட்டுருங்க."

"பாஸ்டர், அஞ்சே நிமிஷம். இந்த நாற்காலியில உக்காருங்க. ஒண்ணும் பேச வேணாம். பாருங்க, அவ்வளவுதான்."

அவளுடைய முகத்தில் என்ன இருந்ததோ, அவர் உட்கார்ந்தார்.

நோவ்லின் துணியை விலக்கினாள். சாம்பல் நிறத்தாள் வலையின் நடுவே தொங்கினாள். உடம்பின் நுனியை மட்டும் மெல்ல நீட்டினாள், அவ்வளவுதான். சத்தம் இல்லை, அசைவு இல்லை. நம் மூக்குக்கு எட்டும் வாசனையும் இல்லை. காற்று மட்டும் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"என்ன பண்ணுது?"

"கூப்பிடுறா."

மூன்று நிமிஷம். மலைப்பக்கமிருந்து முதல் ஆள் வந்தான். நேராக வரவில்லை. காற்றில் ஒரு நூலைத் தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்டுபிடிப்பவனைப் போல, இடமும் வலமுமாக அறுத்து அறுத்து வந்தான். இறகு மீசைகள் இரண்டும் விரிந்திருந்தன. எத்தனை தூரம் பறந்திருப்பான்? இரண்டு மைலா, மூன்றா? இத்தனை இலைக்கும் புகைக்கும் சமையல் வாசனைக்கும் நடுவில் அந்த ஒரே ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு. நோவ்லின் வலையின் கதவைத் திறந்தாள். அவன் உள்ளே போனான். சாம்பலும் செங்கல்லும் ஒன்றையொன்று தொட்டு, ஒட்டி, அசையாமல் தொங்கின. அறுபது வருஷத்துப் பூட்டு இப்படிச் சத்தமில்லாமல் திறந்தது.

நோவ்லினுக்குக் கண் கலங்கியது. பாஸ்டர் கொஞ்சம் கூச்சத்தோடு தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஆர்வம் தாங்காமல் மறுபடியும் பார்த்தார்.

"கர்த்தாவே," என்றார். "இது... இது ஜோடிப் பூச்சி!"

"அதத்தான் பாஸ்டர் அஞ்சு நாளா சொல்றேன். தொப்பியில இவ வாசன இருந்துச்சு. அதான்."

"அப்ப எக்பர்ட்?"

"எக்பர்ட் பாவம், ஒரு தப்பும் பண்ணல."

பாஸ்டரின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும்! அந்த மனுஷனுக்கு எங்கேருந்து..." என்று ஆரம்பித்தவர், இறந்தவர் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டார். "சிஸ்டர், அவர் பேரு நாறிக் கிடக்குது. அந்த அம்மா தல நிமிர முடியாம இருக்கு. இன்னிக்கு ஆறரை மணி ஜெபக் கூட்டத்துல நீங்க எழுந்து நின்னு, எல்லாரும் கேக்க, இது பூச்சிதான்னு சொல்லணும். சொன்ன கையோட நான் உங்க கிங்ஸ்டன் தாள்ல கையெழுத்துப் போட்டுத் தரேன். முத்திரையும் வைக்கறேன்."

பாஸ்டரின் கையெழுத்து! அதோடு முத்திரையும்! ஊர் முன்னால் தன் பூச்சியைப் பற்றிப் பேச ஒரு மேடையும்! பதினொரு வருஷத்தில் அவளிடம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சேர்ந்த ஜோடியை இரண்டு மடிப்பு வலைக்குள் பத்திரமாக வைத்தாள். புதிதாக ஒரு தாளை எடுத்து, சுத்தமான கையெழுத்தில் சாட்சி வாசகத்தை எழுதினாள். முகம் கழுவிக்கொண்டு, வேறு தொப்பி இல்லாததால் அதே தொப்பியை வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

ஜெபக் கூட்டத்துக்கு இப்படிக் கூட்டம் வந்து யாரும் பார்த்ததில்லை. பின்சுவரோரம் நின்றுகொண்டிருந்தவர்கள் மட்டும் முப்பது பேர். நோவ்லின் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்தாள். முதல் பாட்டு முடிகிற சமயம், காலியாக இருந்த அந்தப் பெஞ்சில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

மிஸ் ஐவரீன்.

பின்சுவரோரம் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நோவ்லின் நேரே பார்த்தபடி சொன்னாள். "மிஸ் ஐவரீன், கவலப்படாதீங்க. இப்ப எழுந்து எல்லாத்தையும் சொல்லிடுவேன். நான் ஒரு நாள்கூட..."

"தெரியும்," என்றாள் கிழவி, உதட்டை அசைக்காமல். "பூச்சி. எங்க அப்பா தோட்டத்து மஹோகனியில எத்தனையோ பாத்திருக்கேன். சனிக்கிழமையே தெரியும். இன்னிக்கு வேலியோரம் நின்னு அது ஜோடி சேந்ததையும் பாத்தேன். அந்தத் தாளக் குடு."

நோவ்லின் கொடுத்தாள். கிழவி பாட்டுப் புத்தகத்தின் மேல் தாளை வைத்து, அழுத்தி அழுத்தி எழுதினாள். திருப்பிக் கொடுத்தாள். 'பெண் பூச்சியிடம் ஆண் பூச்சி வந்ததை நேரில் பார்த்தேன். இரண்டும் ஒரே இனம். ஐவரீன், காலஞ்சென்ற எக்பர்ட்டின் மனைவி.' இதைவிட மதிப்பான சாட்சி இந்த ஊரில் ஏது? ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

"மிஸ் ஐவரீன், எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"இது கிங்ஸ்டனுக்குப் போகட்டும். இங்க வேண்டாம்."

"என்ன?"

"இங்க சொல்லாத."

மேடையில் பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "இப்ப நம்ம சிஸ்டர் நோவ்லின் ஒரு முக்கியமான விஷயம் சொல்லப் போறாங்க."

நோவ்லினின் கை மணிக்கட்டை எலும்பும் தோலுமான ஒரு கை பிடித்தது. அந்தப் பிடியில் கோபம் இல்லை. இத்தனை கிட்டத்தில் பார்த்த பிறகுதான் தெரிந்தது: சனிக்கிழமை துடித்தது போலவே அந்த உதடு துடித்தது. அது அழுகை இல்லை, அடக்கிவைத்த சிரிப்பு.

"நாப்பத்தோரு வருஷம், நோவ்லின்," என்றாள் மிஸ் ஐவரீன். "கல்யாணத்தன்னிக்கே எங்க அக்கா சிரிச்சா. கடைக்குப் போனா பாவம் ஐவரீன், கோயிலுக்கு வந்தா பாவம் ஐவரீன். சனிக்கிழமையிலேருந்து ஒருத்தி அந்த வார்த்தையச் சொல்லல. நேத்து பெரில் வீட்டுக்கு வந்து அவரு படத்தக் கையில எடுத்து, வெளிச்சத்துல வச்சு, எவ்வளவு நேரம் பாத்தா தெரியுமா? ஊரே பொறாமப்படுற ஒரு புருஷன் எனக்கு இப்பத்தான் கெடச்சிருக்காரு. அவரையும் பூச்சியாக்கிடாத."

"சொல்லுங்க சிஸ்டர்," என்றார் பாஸ்டர். "எல்லாரும் கேக்கற மாதிரி. அது வெறும் பூச்சிதானே?"

நோவ்லின் பாதி எழுந்தாள். வலையில் தொங்கும் சாம்பல் நிறத்தாளை நினைத்தாள். மலை தாண்டி அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு வந்தவனை நினைத்தாள். தொப்பியை நேராக்கிக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க, பாஸ்டர்," என்று மெல்லிய குரலில் சொன்னாள். "அத மட்டும் என்னால சொல்ல முடியாது."